கியூபாக்காரி இறங்கிய பதினோரு நாட்கள்

ஏணியின் கடைசிப் படியில் நின்று ரைனோல்ட் கையை நீட்டினான். குருத்துக்கும் கூரைக் கண்ணாடிக்கும் நடுவே அவன் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. போன வாரம் நுழைந்தது. அக்டோபரின் முதல் உறைபனி அன்று விடியற்காலையில் விழுந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஓலை நுனிகள் அடுப்பில் வாட்டியதுபோலப் பழுப்பாகச் சுருண்டிருந்தன. குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அது கூரையின் இரும்புச் சட்டத்தில் முட்டி லேசாக வளைந்திருந்தது.

"என்னடா தெரியுது?" கீழேயிருந்து ஒட்டிலியா கத்தினாள்.

"முட்டிருச்சுக்கா."

"நல்லாப் பாருடா."

"இதுக்கு மேல பாக்கணும்னா கண்ணாடிய உடைச்சுக்கிட்டு வெளியதான் போகணும்."

பனைகளைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் நகராட்சிப் பனைமாளிகையின் வெப்பக்கூடத்தை இருபத்தேழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் ஒட்டிலியா. அந்தக் கூடத்தின் நடுவில் நிற்கும் அரசபனை அவளுக்கு முன்பே வந்தது. சர்க்கரை ஏற்றி வந்த கப்பலில், முழங்கால் உயரக் கன்றாக, கியூபாவிலிருந்து நட்புப் பரிசாக வந்து சேர்ந்ததாம். ஊரே அதைக் கியூபாக்காரி என்றுதான் சொல்லும். சிமெண்டில் வார்த்ததுபோல வழவழவென்று சாம்பல் நிறத் தண்டு, உச்சியில் பச்சைக் கழுத்து, அதற்கு மேல் ஓலைகள். நாற்பது அடிக்குக் குறையாது. பக்கத்துக் கூடங்களில் இருக்கிற பனைகள் கொஞ்சம் குளிரைத் தாங்கும். இவள் தாங்கமாட்டாள். பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் ஒரு மாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். குருத்தில் உறைபனி ஏறிவிட்டால் கதை முடிந்தது. ஆப்பிள் மரத்தைப்போல வெட்டிவிட்டால் பக்கத்தில் துளிர்க்கிற ஜாதி இல்லை. பனைக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து.

நகராட்சியிலிருந்து கடிதம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கூரையை உயர்த்த வழியில்லை, நவம்பர் முடிவதற்குள் மரத்தை வெட்டி அகற்றவும், வெப்பக்கூடத்தைக் கள்ளிச்செடிக் கூடமாக மாற்றவும் என்று அதில் எழுதியிருந்தது. கள்ளிக்குப் பாதிக் கரி போதும். ஆட்களே வேண்டாம். ஒட்டிலியா, கொதிகலன் பார்க்கும் எரிக், எடுபிடி வேலைக்கு ரைனோல்ட் என்று அந்தக் கூடத்தை நம்பி இருந்தது மூன்று பேர்.

மதியம் கொதிகலன் அறையில் உட்கார்ந்து பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றார்கள். எரிக்குக்கு வாய் சும்மா இருக்காது.

"கள்ளிச்செடி நல்ல தொழிலாளிண்ணே. தண்ணி கேக்காது, லீவு கேக்காது, சங்கம் வைக்காது. நம்மள எதுக்கு வெச்சிருப்பாங்க?"

"வாய மூடிட்டுத் தின்னுடா," என்றாள் ஒட்டிலியா. "வெட்ட வர்றவன் மொதல்ல என்னை வெட்டட்டும்."

ரைனோல்டுக்கு நாற்பத்தொன்பது வயது. நாலு வருடத்துக்கு முன்பு சுரங்கத்தை மூடியபோது ஒருமுறை நடுத்தெருவில் நின்றவன். இன்னொருமுறை நிற்கத் தெம்பில்லை. அவன் ரொட்டியை மென்றபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூரைய ஏத்த முடியாது. சரி," என்றான். "தரைய இறக்கலாமில்ல?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"வேர்மண்ணோட சுத்தி வெட்டி, பலகை அடிச்சுப் பெட்டி கட்டுவோம். அடியில குடைஞ்சு கட்டை அடுக்குவோம். அப்புறம் கட்டைய ஒவ்வொண்ணா உருவுனா தன்னால இறங்குவா."

"எட்டு டன்னுய்யா அவ!" என்றான் எரிக்.

"எட்டு டன்னா? என் தலைக்கு மேல ஒரு மலையே நின்னுச்சுடா."

அவன் அதைச் சொன்ன விதத்தில் அலட்டல் இல்லை. சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் அவன் செய்த வேலை முட்டு உருவுவது. கரியை வெட்டி எடுத்து முடித்த இடத்தில், கூரையைத் தாங்கி நிற்கும் மரமுட்டுகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வெளியேற வேண்டும். உருவ உருவப் பின்னால் மலை உட்காரும். எல்லோரும் வெளியே போன பிறகு கடைசியாக வருகிறவன் அவன்தான். மூவாயிரம் பேர் வேலை பார்த்த சுரங்கத்தில் அந்த வேலையை நம்பிக் கொடுக்கத் தகுந்தவர்கள் என்று இருபது பேரைத்தான் வைத்திருந்தார்கள்.

பனைமாளிகை மேலாளர் ருட்ஸ்கி கெட்டவர் இல்லை, பயந்தவர். ரைனோல்ட் சொன்னதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சாஞ்சுட்டா?"

"சாயாது சார்."

"ரைனோல்ட், சாஞ்சா கூரையோட போகும். நான் ஜெயிலுக்குப் போவேன்."

"வெட்டுனா நாங்க தெருவுக்குப் போவோம் சார்."

ருட்ஸ்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. மரத்தடியில மண்ணு மாத்துறீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அப்புறம் மனசு கேட்காமல், தெரிந்த பட்டறையில் இரவல் வாங்கி நாலு எண்ணெய் ஜாக்கிகளை அனுப்பி வைத்தார். ரைனோல்ட் அவற்றை ஒரு மூலையில் வரிசையாக வைத்துச் சாக்கைப் போட்டு மூடிவிட்டான்.

"ஏங்க, நல்ல ஜாக்கி அது," என்றார் ருட்ஸ்கி.

"இரும்பு சொல்லாமக் கொள்ளாமப் போயிடும் சார். பைன் கட்டை அப்படியில்ல. நசுங்கறதுக்கு முன்னாடி கத்தும். கத்துற கட்டைக்குக் கீழதான் இருபத்திரண்டு வருஷம் உயிரோட இருந்தேன்."

இரண்டு வாரம் தோண்டினார்கள். தண்டின் பாதி உயரத்தில் சாக்கு சுற்றி, நாலு கயிறுகளை நாலு இரும்புத் தூண்களுக்கு இழுத்துக் கட்டினார்கள். வேர்மண்ணைச் சுற்றி ஆளுயரப் பள்ளம் எடுத்தார்கள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேரையும் ஒட்டிலியா ஈரச் சாக்கால் மூடினாள். கொதிகலனிலிருந்து வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, முழங்கையை விட்டுப் பார்த்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஊற்றினாள். "அவளுக்கு மேல சூடு இருந்தாப் போதாது, காலுக்கும் சூடு வேணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெட்டிக்கு அடியில் பழைய தண்டவாளங்களை நுழைத்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் பைன் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி இரட்டை மேடை கட்டினான் ரைனோல்ட். ஒரு மேடை மரத்தைத் தாங்கும். பக்கத்து மேடை அதைவிட ஒரு கட்டை தணிந்து காத்திருக்கும். தாங்குகிற மேடையின் உச்சியில் எதிரெதிராகச் செருகிய இரண்டு ஆப்புகள். அவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தளர்த்தினால் பாரம் ஒரு விரற்கடை இறங்கும். நாலு மூலையும் சுற்றிவந்து தட்டத் தட்ட, கடைசியில் பாரம் தணிந்த மேடையில் போய் உட்காரும். பிறகு முதல் மேடையில் ஒரு வரிசையை உருவலாம். ஒரு நாளைக்கு ஒரு கட்டை கனம். அதற்கு மேல் அவசரப்பட்டால் வேர் பிய்ந்துவிடும் என்றாள் ஒட்டிலியா. நாலடி இறக்க எட்டு வரிசை.

இறக்க ஆரம்பித்த பிறகு மூன்று பேரும் காலை ஆறு மணிக்கு வந்து இருட்டிய பின்தான் போனார்கள். கூடத்து வாசலில் 'மண் மாற்றும் பணி' என்று அட்டை தொங்கியது. எரிக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டான். மரம் சாய்ந்தால் காட்டிக்கொடுக்கத் தண்டின் பக்கத்தில் தொங்கவிட்ட தூக்குக்குண்டை ஒட்டிலியா கண் எடுக்காமல் பார்த்தாள். ரைனோல்ட் மட்டும் பெட்டிக்கு அடியில் முழங்காலிட்டுத் தட்டினான். அந்தத் தணிந்த, குறுகலான இடம், ஈர மண்ணின் வாடை, தலைக்கு மேல் பாரம், காதருகே மரத்தின் முனகல். நாலு வருடம் கழித்துத் தன் கை தன் வேலையைச் செய்கிறது என்று அவனுக்கு உள்ளுக்குள் பொங்கியது. வீட்டில்கூட நிமிர்ந்து நடந்தான். "என்ன, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க?" என்று அவன் மனைவி ஹில்டா கேட்டாள்.

ஆறாம் நாள் வடகிழக்கு மூலையில் கட்டை கத்தியது.

நீளமாக, பல்லைக் கடிப்பதுபோல. ரைனோல்ட் சுத்தியலை அப்படியே நிறுத்தினான்.

"விசிறிய நிறுத்து!"

எரிக் ஓடிப்போய்க் காற்று விசிறியை நிறுத்தினான். கூடத்தில் ஓலையிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது.

"குண்டு நகருதுடா," என்றாள் ஒட்டிலியா. "அரை விரற்கடை. இல்ல, இப்ப ஒரு விரற்கடை. வெளிய வாடா ரைனோல்டு."

"தென்மேற்குக் கயிற இறுக்கு எரிக். ரெண்டு சுத்து போதும். அதுக்கு மேல வேணாம்."

"அண்ணே, வெளிய வந்துருண்ணே."

"பேசாதீங்க. அது என்ன சொல்லுதுன்னு கேக்க விடுங்க."

அவன் கன்னத்தைக் கட்டையில் வைத்தான். மேல்கட்டைகள் சத்தமில்லாமல் இருந்தன. கீழே, அடிக்கட்டைதான் முனகியது. கையை விட்டுத் தடவினான்; மண் பிசைந்த மாவாக இருந்தது. ஒட்டிலியா வேருக்கு ஊற்றிய வெந்நீரெல்லாம் சரிவில் வழிந்து அந்த மூலையில் தேங்கி, களிமண்ணைக் கூழாக்கி வைத்திருந்தது. கட்டை உடையவில்லை, புதைந்துகொண்டிருந்தது. உடைகிற கட்டையும் புதைகிற கட்டையும் வேறுவேறு மாதிரி கத்தும். பெட்டியின் ஓரம் அவன் தோளைத் தொடும் அளவுக்குத் தணிந்திருந்தது.

"எரிக்! கொதிகலன்ல எரிஞ்சு போன கரிக் கசடு. ஆறுன கசடு. வாளி வாளியாக் கொண்டா. அக்கா, குண்ட விட்டுக் கண்ண எடுக்காத."

மூன்று மணி நேரம். கூழ் மண்ணைக் கையால் வாரி வெளியே தள்ளி, கசடைத் திணித்து, கட்டைத் துண்டுகளைப் பாவி, அதன்மேல் ஆப்புகளை இறுக்கி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிலியா மேலிருந்து சொன்னாள்: "நகரல... நகரல... திரும்புது... இன்னும் கொஞ்சம்... நேரா வந்துட்டா!" அவன் வெளியே ஊர்ந்து வந்தபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெளுப்பாகத் தெரிந்தன. ஒட்டிலியா அவன் முதுகில் படார் படாரென்று இரண்டு அடி வைத்துவிட்டு அழுதாள்.

"எல்லாம் என்னாலதான். குளிப்பாட்டியே கொன்னுருப்பேன்."

"சுரங்கத்துலயும் தண்ணிதான்கா எதிரி," என்றான் அவன். பிறகு மூவரும் சிரித்தார்கள். எரிக்குக்கு மட்டும் சிரிப்பு நிற்கவே இல்லை.

அந்த மூலை காய இரண்டு நாள் விட்டார்கள். கட்டைகளைச் சரிபார்க்க இன்னொரு நாள். பதினோராம் நாள் மாலை பெட்டி அடித்தளத்தில் உட்கார்ந்தது. ஓர் ஓலைகூட முறியவில்லை. ரைனோல்ட் ஏணியில் ஏறினான். கடைசிப் படியில் நின்று குருத்துக்கு நேராகக் கையை முழுக்க உயர்த்தினான். விரல்நுனிக்கு மேலும் வெறும் காற்றுதான் இருந்தது. கீழே எரிக் தொப்பியைத் தூக்கி எறிந்து பிடித்தான். ரைனோல்ட் உடனே இறங்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, நாற்பதடிப் பெண்ணொருத்தியைக் கண்ணாடிக்குள் நாலடி இறக்கியவன் நான் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டான். அவன் வாழ்நாளில் அதற்கு முன் உருவியதெல்லாம் இடிந்துதான் விழுந்திருக்கிறது. இது ஒன்றுதான் நின்றது.

மரம் பிழைத்த செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. நகராட்சி வெட்டும் உத்தரவைத் திரும்பப் பெற்றது. வெப்பக்கூடம் வெப்பக்கூடமாகவே இருக்கும். செய்தி வந்த நாலாம் நாள் ருட்ஸ்கி மூன்று காகிதங்களோடு கொதிகலன் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாதுகாப்பு அலுவலகத்துல கேக்கறாங்க. யார் இறக்குனது, எந்த உரிமத்துலன்னு. தொங்குற பாரத்துக்கு அடியில ஆள இறக்குனது தெரிஞ்சா கூடத்துக்கே சீல் வெச்சிடுவாங்க. குளிர்காலம் முழுக்க."

"சீல் வெச்சா அடுப்ப யாரு பாக்கறது?" என்றாள் ஒட்டிலியா.

"அதான். தலைநகரத்துல ஒரு கம்பெனி. அவங்ககிட்ட உரிமம் இருக்கு. அவங்க செஞ்சதாக் கையெழுத்துப் போடறாங்க." அவர் காகிதங்களைக் கருவிப் பெட்டிமேல் வைத்தார். "அப்போ அந்தப் பதினோரு நாள் நீங்க இங்க இருந்திருக்க முடியாது. லீவுல இருந்ததா..."

"எங்க லீவா?" எரிக் எழுந்துவிட்டான். "வேலை பாத்ததுக்கு எங்க லீவ வெட்டுவீங்களா சார்?"

"எனக்கு வேற வழி தெரியல எரிக்."

ரைனோல்டுக்கு மிச்சமிருந்தது பன்னிரண்டு நாள். கிறிஸ்துமஸுக்கு டார்ட்முண்ட் நகரத்தில் இருக்கும் மகளிடம் போவதற்காக வருடம் முழுக்க ஹில்டா கட்டிக்காத்து வைத்திருந்த நாட்கள். அவன் காகிதத்தைப் படித்தான். கண்ணாடிக் கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தான். சீல் வைத்தால் இரண்டே நாளில் உள்ளே பனி பூத்துவிடும். பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தெளிவாக எழுதினான். ஒட்டிலியா கையெழுத்துப் போட்டுவிட்டு, "எந்தக் கடற்கரைக்கு லீவு போனோம்னும் எழுதிடுங்க சார், கேட்டா சொல்லணும்ல," என்றாள். ருட்ஸ்கி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

டிசம்பர் நான்காம் தேதி, சுரங்கக்காரர்களின் பாதுகாவலியான புனித பார்பராவின் நாள். சுரங்கம் மூடிய பிறகும் அன்று சுரங்கக்காரர்கள் கறுப்புச் சீருடையும் இறகு வைத்த தொப்பியும் அணிந்து பேண்டு வாத்தியத்தோடு தேவாலயத்துக்குப் போவார்கள். ரைனோல்ட் ஒரு வருடமும் தவறியதில்லை. மிஞ்சிய ஒரு நாளை அதற்கென்று கேட்டான். எரிக்குக்குக் காய்ச்சல், கரி அள்ள ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஹில்டா தூசி தட்டி வைத்த சீருடை கதவில் தொங்கியபடி இருக்க, நீல வேலையுடுப்பில் வந்து கரி அள்ளினான். வாத்தியம் தெருவைக் கடந்து போவது கொதிகலன் அறைக்குள்ளும் கேட்டது.

பூசை முடிந்து நகரத் தலைவரும் பத்துப் பன்னிரண்டு சீருடைக்காரர்களும் பனைமாளிகைக்கு வந்தார்கள். இறக்கிய மரத்தைப் பார்க்கத்தான். ருட்ஸ்கி முன்னால் நடந்தார். கசடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ரைனோல்ட், வழிவிட்டு ஓரமாக நின்றான். குருத்து விரியத் தொடங்கியிருந்தது; கண்ணாடியைத் தொடாமல், எந்தப் பக்கமும் வளையாமல், புது ஓலை பாதி பிரிந்து நின்றது.

கூட்டத்தில் ஹாயோக் இருந்தார். அவர்கள் சுரங்கத்தின் பழைய தலைமை இன்ஜினியர், இப்போது கைத்தடியோடு. எல்லோரும் அண்ணாந்து மேலே பார்க்க, அவர் மட்டும் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். பள்ளத்தின் சுவர் சரியாமல் இருக்க, உருவிய கட்டைகளை அதன் ஓரமாக அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெகுநேரம் பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"தலைநகரத்துக் கம்பெனி ஒண்ணு சார்," என்றார் ருட்ஸ்கி.

"தலைநகரமா?" ஹாயோக் கைத்தடியால் ஒரு கட்டை முனையைத் தட்டினார். "மூணு வெட்டுல முனையச் சீவியிருக்கான். எங்க ஆளுங்க மட்டும்தான் இப்படி வெட்டுவாங்க. இது தலைநகரத்துக் கை இல்ல."

அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பார்வை ரைனோல்டிடம் வந்து நின்றது. அவன் கையை, முகத்தை, மறுபடியும் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ருட்ஸ்கியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சீல், பூட்டு, அணைந்த அடுப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ரைனோல்ட் நிமிர்ந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை.

"யாரா இருந்தாலும்," என்றார் ஹாயோக் மெதுவாக, "அவன் பேர்ல இன்னைக்கு ஒரு கோப்பை குடிப்பேன்."

"மேல ஏற்பாடு பண்ணியிருக்கு, வாங்க," என்று ருட்ஸ்கி கூட்டத்தை மாடிக்குத் திருப்பினார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "ரைனோல்ட், தரையெல்லாம் பனித்தண்ணி. யாராவது வழுக்கிடப் போறாங்க. கொஞ்சம் துடைச்சு விட்டுடுங்க," என்றார்.

அவன் துடைப்பக்கட்டையும் வாளியும் கொண்டுவந்தான். பள்ளத்தைச் சுற்றிப் பதிந்திருந்த பளபளப்பான பூட்ஸ்களின் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். மாடியில் கோப்பைகள் இடிபடும் சத்தமும் வாழ்த்துப் பாட்டும் கேட்டன. மரத்தடியில், புதிதாக நட்ட பித்தளைத் தகட்டில் யாருடைய பூட்ஸிலிருந்தோ சேறு தெறித்திருந்தது. தன் கூடத்தில் அழுக்கு இருப்பது அவனுக்குப் பிடிக்காது. மண்டியிட்டு, சட்டைக் கையை இழுத்து, இந்த ஊருக்கே வராத கம்பெனியின் பெயர் பளிச்சென்று தெரியும்வரை எழுத்து எழுத்தாகத் தேய்த்தான்.